படுக்கையறையில் பழுப்புத் துளிகள்

மலம், சளி, சீழ் என்று மற்றவர்கள் வாயால் சொல்லவே கூசுகிற பொருள்களைத்தான் அவள் நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளை ‘மூக்கு’ என்று கூப்பிட்டார்கள். சிறுநீர் டப்பாவின் மூடியைத் திறந்ததுமே, “இந்த ஆளுக்குச் சர்க்கரை எகிறிப் போயிருக்கு” என்பாள். மெஷினும் கொஞ்ச நேரம் கழித்து அதையேதான் சொல்லும். பிறகு கையைக் கழுவிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். அருவருப்பு என்பதே தன்னிடம் செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சொந்த வீடு வாங்கிய பிறகுதான் அது சாகவில்லை என்று தெரிந்தது.

பழைய வீடுதான், மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி. விற்றவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி இறந்த பின் மகனோடு போய் இருந்துவிட்டவர். சாவியைக் கொடுக்கும்போது, “வீட்டைக் கண்ணு மாதிரி வெச்சிருந்தேம்மா, ஒரு தூசி தும்பு பார்க்க முடியாது” என்றார். உண்மைதான். ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தில்கூட விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வீடு முழுக்கப் பினாயில் வாடைதான். பெயின்டரை வைத்துப் படுக்கையறைக்கு வெளிர்நீலம் அடித்துவிட்டு அவளும் கணவனும் குடிவந்தார்கள். கணவனுக்கு லாரி உதிரிபாகக் கடையில் விற்பனையாளர் வேலை.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை அடைத்தே வைக்க வேண்டியதாயிற்று. ஒரு காலையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

“டீயைக் கொட்டினீங்களா?” என்றாள்.

“நான் என்ன, சுவத்துல ஏறி உக்காந்தா டீ குடிக்கிறேன்?” என்றான் கணவன்.

துடைத்தாள். போய்விட்டது. இரண்டு நாளில் அதைவிட அதிகமாக வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்நோக்கி ஒரு வால் இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. மோந்தால் புதுப் பெயின்ட் வாடைதான் அடித்தது. விரலை விரலோடு தேய்த்தால் நூல் மாதிரி இழுத்தது. அவள் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். அப்படியும் விரல் தன்னுடையதாகத் தோன்றவில்லை.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்துதான் ஒழுகுகிறது என்று கணவன் முடிவு கட்டினான். அங்கே அழகுநிலையம் நடத்தும் ஒரு பெண் குடியிருந்தாள். இவன் குரலை உயர்த்தியபடி படியேறிப் போக, அவள் இவனை உள்ளே கூட்டிப்போய்த் தன் படுக்கையறைத் தரையைக் காட்டினாள். அங்கே குழாயும் இல்லை, ஈரமும் இல்லை. குளியலறை எதிர்ப்பக்கம் இருந்தது.

“உங்க சுவத்துக்கு மூக்கு ஒழுகினா அதுக்கும் நான்தான் துடைச்சு விடணுமா சார்?” என்று கேட்டாள் அவள். கணவன் தொங்கிப்போன முகத்தோடு இறங்கி வந்தான்.

பெயின்டர் வந்து பார்த்தார். “ஈரந்தான் மேடம். பூசணம் பிடிச்சிருக்கு” என்று பிளீச்சிங் தண்ணீரால் துடைத்து, மேலே இன்னொரு கை நீலம் அடித்துவிட்டுப் போனார். பெயின்ட் வாடை போவதற்குள் பழுப்பு திரும்பி வந்தது. இந்த முறை எதிர்ச் சுவரிலும் கூரையிலும்கூட.

அவள் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வழித்து வேலைக்கு எடுத்துப்போனாள். மதிய இடைவேளையில் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

“பேஷன்ட் யாரு?” என்று எட்டிப் பார்த்தான் உடன் வேலை செய்பவன்.

“எங்க வீட்டுச் சுவர்.”

“வெறும் வயித்துல எடுத்ததா, சாப்பிட்டப்புறமா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூசண இழை ஒன்றுகூட இல்லை. பூச்சியின் கால், இறகு, எச்சம் எதுவும் இல்லை. வெறும் பழுப்புப் பிசின். புழுவாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதற்கு ஒரு பெயரும் மருந்தும் உண்டு.

அதன் பிறகு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். மடித்த துணிகளை அந்த அறையில் வைப்பதை விட்டாள்.

“ஊரு உலகத்துச் சளியை எல்லாம் அள்ளுறவ, இதுக்குப் போய் இப்படி அலட்டுறியே” என்றான் கணவன்.

“அந்த டப்பாமேல யாருதுன்னு பேர் ஒட்டியிருக்கும். இது யாருது?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவன் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அறையை ஒட்டிய குளியலறையில் கதவைச் சரியாகச் சாத்தாமல் குளித்துக்கொண்டிருந்தான். ஆவி அறைக்குள் பரவியது. அவள் மல்லாந்து படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். துண்டு நழுவிவிட்டது. கூரையிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாக அவள் கடைவாயில் விழுந்தது. அரைத்தூக்கத்தில் நாக்கு தானாக நீண்டு அதை நக்கிவிட்டது.

கசப்பு. அடித்தொண்டைவரை கசப்பு. எழுந்து ஓடி வாஷ்பேசினில் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரும்வரை ஓங்கரித்தாள். ஓங்கரிப்பின் நடுவே அந்த வாடை உள்ளிருந்து மூக்குக்கு ஏறியது. அவளுக்குத் தெரிந்த வாடை. அவள் அப்பாவின் கைக்குட்டைகளைச் சின்ன வயதில் அவள்தான் துவைப்பாள். முதல் தண்ணீர் இப்படித்தான் பழுப்பாகப் பிரியும், இப்படித்தான் நாறும். அவர் நுரையீரல் கெட்டுச் செத்தவர்.

“சிகரெட்டு” என்றாள் பேசினுக்குள்.

“என்னது?” கணவன் ஈரத் தலையோடு வந்து நின்றான்.

“நம்ம சுவத்துல வழியுறது சிகரெட்டுப் புகை. யாரோ வருஷக்கணக்கா இந்த ரூமுல ஊதித் தள்ளியிருக்காங்க.”

அவன் நம்பவில்லை. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, படுக்கையறைப் பரணுக்குள் டார்ச் அடித்தாள். பெயின்டர் அங்கே கை வைக்கவே இல்லை. உள்சுவர் செருப்புத் தோல் நிறத்தில் இருந்தது. எப்போதோ ஒரு பெட்டி நின்ற இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தாள். துணி பழுப்பாக வந்தது. அதை அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.

பெயின்டருக்குப் போன் செய்தால், “அடிக்கும்போதே சுவர் மஞ்சளாத்தான் மேடம் இருந்துச்சு. பழசாச்சேன்னு விட்டுட்டேன்” என்றார் சாவகாசமாக. அதாவது, கறையைக் கழுவாமல் அப்படியே மேலே பெயின்ட் அடித்திருக்கிறார். ஈரக் காற்றும் வெந்நீர் ஆவியும் பட்டபோதெல்லாம் அது நீலத்தைக் கரைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. கணவன் அன்று சாயங்காலமே மேல்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாரோ ஒருவர் இழுத்து, நெஞ்சுக்குள் புரட்டி, வெளியே விட்டது தன் வாய்க்குள் விழுந்திருக்கிறது. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப்போனாள்.

“வாம்மா. வீடு சௌகரியமா இருக்கா?” என்றார் அவர். வெளுத்த சட்டையில் சோப்பு வாசனை. அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகம் வெள்ளை வெளேரென்றிருந்தது. பல்லிலும் கறை இல்லை.

“சார், சுவரெல்லாம் கறையா வழியுது. அந்த பெட்ரூம்ல சிகரெட் குடிச்சது யாரு?”

அவர் எழுந்துபோய், மருமகள் நடமாடிக்கொண்டிருந்த உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நான் ஆயுசுல தொட்டதில்லம்மா.”

“அப்போ?”

“அவதான்.”

அவர் தன் மனைவியைச் சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த அம்மாவுக்கு முதுகுத்தண்டில் நோய். படுத்த படுக்கை. மாத்திரைக்கு அடங்காத வலி. ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டரின் தம்பி வந்து பால்கனியில் நின்று புகைத்திருக்கிறார். வாடை உள்ளே வந்ததும், “அதைக் கொண்டா இங்கே” என்று கேட்டு வாங்கி இழுத்திருக்கிறார் அந்த அம்மா.

“இருமினா. அப்புறம் சிரிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. விட மனசு வரலை. எங்க ஏரியாவுல வாங்கினா பேசுவாங்கன்னு வேலை பார்த்த இடத்துலயிருந்து வாங்கிட்டு வருவேன். அவ விரல் மடங்காது. நானே பத்தவெச்சு வாய்ல பிடிப்பேன். கடைசி நாள்வரைக்கும்.”

 வரும் வழியில் சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கேயோ போயிற்று. இருந்தாலும் ஒன்று உறுத்தியது.

“ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தா புகை போயிருக்குமே சார்?”

“எப்படிம்மா திறக்கிறது? எதிர்வீட்டுல பார்த்தா என்ன நினைப்பாங்க? என் பையனுக்கே இன்னிவரைக்கும் தெரியாது.”

“அவங்க திறக்கச் சொல்லலையா?”

சுத்தமாக இருந்த மேசையை அவர் உள்ளங்கையால் துடைத்தார்.

“சொல்லுவா. தினமும் சொல்லுவா. வெளியில மரம் இருக்கில்ல, அதைப் பார்க்கணும்பா.”

அவள் எழுந்துகொண்டாள்.

“கறை போயிடுமாம்மா?” என்றார் பின்னாலேயே வந்து. “தயவு பண்ணி வெளியில யார்கிட்டயும்...”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். உதட்டில் சிகரெட்டைப் பிடித்த அதே கைதான் ஜன்னலுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. நோயாளியின் மூச்சு அந்த நான்கு சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சுவரிலேயே படிந்திருக்கிறது.

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “பாவம் மனுஷன்” என்றான்.

“யாரு பாவம்?”



அந்த வாரக் கடைசியில் இருவருமாக அறையைக் காலி செய்தார்கள். ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்துவைத்து, வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துக் கூரையையும் சுவரையும் தேய்த்தார்கள். நீலம் உரிந்து பாளம் பாளமாக விழுந்தது. அதன் அடியிலிருந்து பழுப்பு ஊறி, முழங்கைவரை வழிந்து, கையுறைக்குள் புகுந்தது. வாளித் தண்ணீர் சீழும் ரத்தமும் கலந்த நிறத்துக்கு மாறியது. கொட்டக் கொட்ட அதே நிறம். கணவன் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டும் இரண்டு தடவை வெளியே ஓடினான். ஜன்னலுக்கு நேர் எதிரே, அந்த அம்மாவின் கட்டில் கிடந்திருக்க வேண்டிய இடத்தில், படுத்தால் தலை வரும் உயரத்தில் கறை தடித்துப் பொருக்காக இருந்தது. அந்த இடத்தை அவனைத் தொடவிடாமல் அவளே சுரண்டினாள். சுரண்டிய பொருக்கு அவள் இமையில் வந்து ஒட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

சுவர் காய்ந்தபின் பெயின்டரை வரவழைத்து, கறையை மேலே விடாமல் அடைக்கிற எண்ணெய்ப் பிரைமரை இரண்டு கை அடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றாள். அதற்குமேல் வெள்ளை. “நீலம் வேணாமா மேடம்?” என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வெள்ளையில் ஒரு பொட்டு வந்தாலும் தெரிந்துவிடும்.

எதுவும் வரவில்லை. அடுத்த மழைக்காலமும் வந்து போனது. சுவர் உலர்ந்தே இருந்தது. ஆனாலும் அவள் அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை.

ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்தார்.

“கறை எப்படிம்மா இருக்கு?”

“போயிடுச்சு.”

“சுத்தமா?”

“சுத்தமா.”

“அப்பாடா. இனி ஒரு பயமும் இல்லை” என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. அவர் உடம்பு நலமா என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, ரிசீவர் பிடித்த கையைக் கழுவப் போனாள்.