மெழுகுக்குள் இருந்த ஈரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரையின் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் உடைந்துபோயிற்று. அதேபோல் ஒன்று கடைவதற்காகச் சீமையிலிருந்து கப்பலில் இரண்டு வால்நட் கட்டைகளை வரவழைத்தார். இரண்டிலும் உடம்பெல்லாம் மெழுகு பூசியிருந்தது. கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் ஸ்டோரில், பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தச்சர், முதல் கட்டையை அடுப்பு அனலில் காட்டி மெழுகை உருக்கினார். கையோடு கடைசல் மிஷினில் ஏற்றிக் காலையும் கடைந்து முடித்தார். மூன்றாம் நாள் அது விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

துரை குதித்த குதியில் ஸ்டோரே அடங்கிப்போனது. இனி அந்த மிஷினைத் தொடவே மாட்டேன் என்று பாஸ் ஒதுங்கிக்கொண்டார். மிச்சக் கட்டையைச் சரியாகக் கடைகிறவனுக்கே மிஷின் வேலை என்று துரை அறிவித்துவிட்டார்.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். ஆறு வருடமாகக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், காலால் மிதிக்கும் சின்னக் கடைசல் பட்டறை ஒன்றை நானே கட்டி, பம்பரமும் மத்தும் கடைந்து பழகியிருந்தேன். அந்த மிஷின் மேல் அப்படி ஓர் ஆசை. நேரே போய் நின்றேன்.

"எங்கிட்ட குடுங்க தொரை. வெடிச்சா என்னைய மலைக்கே அனுப்பிருங்க."

மலை என்றால் மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது. துரை மிச்சக் கட்டையை என்னிடம் கொடுத்தார்.

ஈரம் வெளியே போகாமலிருக்கத்தானே மெழுகு? அப்படியானால் உள்ளே ஈரம் இருக்கிறது! கொழுந்தை வாட்டாமல் எவனாவது அரைக்கிற ரோலரில் கொட்டுவானா? போத்தல் சில்லால் நாலு பக்கத்து மெழுகையும் சுரண்டினேன். இரண்டு முனைகளில் மட்டும் கை வைக்கவில்லை. மரம் முதலில் வெடிப்பது அங்கேதான். கட்டையை வாட்டு மாடியில் ஓரமாகக் கிடத்தி, ஞாயிறுதோறும் கொழுந்துத் தராசில் நிறுத்தேன்.

ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னடா, கட்டையில தேத்தண்ணி போடப் போறியா?"

"ஈரம் எறங்கட்டுங்க ஐயா, அப்புறம் சிரிங்க."

வாரா வாரம் எடை குறைந்தது. துரை இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டார். இன்னும் வாடவில்லை என்றே சொல்லியனுப்பினேன். நான்காவது மாதம், தொடர்ந்து மூன்று ஞாயிறு தராசு முள் ஒரே இடத்தில் நின்றது. அன்றைக்குத்தான் முனை மெழுகையும் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மிஷினில் ஏற்றினேன். சீவல் சுருள்சுருளாகப் பறந்து என் தலைமயிரிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் பாட்டே வந்துவிட்டது.

கடைந்த காலை மேசையில் பூட்டி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார் துரை. பிறகு டோர்ச்சோடு மேசைக்கடியில் தவழ்ந்து போனார். மயிரிழை வெடிப்புக்கூட அகப்படவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளை அன்றைய வேலைகளுக்கு ஆள் பிரித்தார். "கடைசல் மிஷின்" என்று வாசித்து, அடுத்து என் பேரைச் சொன்னார்.

"இருக்கேங்க!"

"காது செவுடாயிரும்டா, மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொல்ல வரவில்லை. இன்னொரு தடவையும் கத்தினேன்.