மீன் செத்தால் திருஷ்டி போகுமாம்!

ஊர் சிரிக்குமே என்று மூன்று வருடம் இதை எழுதாமல் இருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்துக் கடையொன்றில் தொட்டியும் எட்டு மீனும் ஒன்றாக வாங்கி, அன்றே தண்ணீர் நிரப்பி விட்டோம். நான்காம் நாள் ஐந்து மீன் செத்து மிதந்தன. மகள் அழுத அழுகையில் கடைக்கு ஓடினேன்.

“நல்லதுக்கா! வூட்டு திருஷ்டிய மீனு வாங்கிக்கினு பூட்ச்சி. வேற அஞ்சு எட்த்துனு போ” என்றான் கடைக்காரன். நானும் முருகனுக்கு நன்றி சொல்லி விளக்கேற்றினேன். இப்படியே மூன்று தடவை!

எதிர்வீட்டில் மீன் வளர்க்கும் அக்காதான் கத்தினார்: “திருஷ்டியாவது ஒண்ணாவது! புதுத் தொட்டில மீன் கழிவே விஷம். அதைத் தின்கிற நல்ல கிருமி ஃபில்டர்ல வளர மாசக்கணக்காகும்.”

திருஷ்டி பெயரைச் சொல்லிப் பதினைந்து உயிரைக் கொல்ல வைத்தானே, பாவி!

அதன் பிறகு அக்கா தொட்டியில் நல்ல கிருமி வளர்ந்திருந்த பழைய பஞ்சை என் ஃபில்டரில் வைத்து, மிஞ்சிய மூன்றே மீனோடு மறுபடி ஆரம்பித்தேன். வாரம் கால்பங்கு தண்ணீர்தான் மாற்றுகிறேன். தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு இதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள்.