கதவைத் திறந்தது யார்

உம்பாய் என்ற மீன்பிடி ஊரில், மீன் வைக்கும் குளிர் அறையில் எனக்கு வேலை. ஒரு நாள் காலையில் போனால் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த மீன் முழுக்க வீண். என்ன நடந்தது என்று சூப்பர்வைசர் மலாய் மொழியில் கேட்டார். 'பிந்து தெர்புக்கா' என்றேன். கதவு திறந்து கிடந்தது, அவ்வளவுதான். மலாயில் அப்படிச் சொன்னால் யார் திறந்தது என்ற பேச்சே வராது. அதை அவர் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். மறுநாள் கையெழுத்தோடு கொண்டு வரச் சொன்னார்.

நான் எஸ்டேட் பள்ளியில் ஆறாவது வரைதான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன். அர்த்தம் பிடிபடாது.

தெங்கேராவில் எங்கள் வீட்டு ஹாலில் மகள் படிவம் நான்கு படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள். அன்று சாயங்காலம் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தாள் சட்டைப் பையில் இருந்தது. சாப்பிடவும் தோன்றவில்லை.

போர்டில் ஜன்னல் உடைந்ததைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாக்கியம்.

"உடைச்சது யாருன்னு தெரியலைன்னா 'பை' போடாதீங்க," என்றாள் மகள். "'பை'க்குப் பின்னால யாரு வர்றாங்களோ அவங்கதான் செஞ்சவங்க."

"அப்ப நானே உடைச்சிட்டு, 'பை' போடாம எழுதித் தப்பிச்சிக்கலாம்லா டீச்சர்," என்றாள் ஒருத்தி.

"நீ உடைச்சா இந்த ஜாலான்ல எல்லா வீட்டுக்கும் தெரியும்டி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நான் தாளைப் பிரித்தேன். 'பை' இருந்தது. அதற்குப் பின்னால் 'மீ'. அது என்னைக் குறிக்கும் சொல் என்று எனக்கே தெரியும்.

மகளிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"அப்பா, நீங்களா திறந்தீங்க?"

"இல்ல."

"நீங்க திறந்ததா எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா வேலை போயிரும்."

"போடலன்னா மட்டும் இருக்குமா?"

அவள் தாளை என் முன்னால் வைத்தாள்.

"அங்கிள், அந்த ரெண்டு வார்த்தைய வெட்டிருங்க," என்றாள் தப்பிக்க வழி கேட்ட பெண். பேனாவையும் நீட்டினாள்.

வெட்டினேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் வெட்டின இடத்தையே பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நான் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போ, கூப்பிடுகிறேன் என்றார்.

மூன்று நாள் போன் வரவில்லை. நாலாம் நாள் வந்தது. போனேன். புதுத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். 'பை' எங்கேயும் இல்லை, 'மீ'யும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்கினேன்.