வடை மடித்த வாரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பம்மலில் மாடி வீடு, தோல் பை தைக்கும் பட்டறை எல்லாம் என் கையால் வந்தவை. யாரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. ஆனால் என் பெருமை அதில் இல்லை. ஒரே கதையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிற மாதிரி இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் காலேஜ் போனவன்கூடப் படித்திருக்க மாட்டான்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை அது. தோல் பதனிடும் ஷாப்பில் நான் கூலியாக இருந்த காலம். எதிர் டீக்கடைக்காரர், புது இதழ் வந்ததும் பழைய இதழின் கதைப் பக்கங்களைக் கிழித்து எனக்குக் கொடுப்பார். கதை முடிந்ததும் கழிவுத் தோலை அட்டையாகப் போட்டு நானே பைண்டு செய்தேன். அந்தத் தையல் எந்தப் பிரஸ்ஸிலும் வராது. பிரித்தால் இன்னும் லேசாகத் தோல் வாசனை அடிக்கும். கதைக்குப் பின்பக்கம் பாதிச் சமையல் குறிப்பு, முடிவு கிடைக்காத ஜோக்கு. அவையும் எனக்கு மனப்பாடம்.

ஒரு வாரம் மட்டும் இல்லை. அந்தப் பக்கங்களில் டீக்கடைக்காரர் வடை மடித்துக் கொடுத்துவிட்டார்.

முந்தின வாரம், புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிய கதாநாயகி மாலை வெளிச்சத்தில் படகில் கால் வைப்பாள். தொடரும். பக்கத்தைப் புரட்டினால் அக்கரையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். நடுவில் இருந்த ஆற்றை நான்தான் கடக்க வைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி. என் மகள் பிறந்த வருஷம் கதாநாயகியின் மடியில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தது. பட்டறை தொடங்கிய புதிதில் அவளே துடுப்புப் போட்டாள். எனக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஆறு அகலமாகிவிட்டது, படகுக்கும் அவசரமில்லை. மொட்டை மாடியில் படிக்கும்போது விமானம் தாழப் போகும். அதன் நிழல் என் மேல் ஓடி, அப்படியே ஆற்றின் மேலும் ஓடும்.

போன மாதம் மகள் அதே கதையைப் புதுப் புத்தகமாக வாங்கி வந்தாள். "அப்பா, இதுல எல்லா அத்தியாயமும் இருக்கு. உன் வடை வாரமும் இருக்கு."

சிரித்தேன். திறக்கத்தான் கை வரவில்லை. எழுதியவர் வேறு விதமாகக் கடக்க வைத்திருந்தால் என் ஆறு அதோடு போச்சு. ஷாப் முதலாளியையே எதிர்த்துப் பேசியவன் நான். ஒரு அத்தியாயத்துக்குப் பயந்து மொட்டை மாடிப் பக்கமே போகாமல் இருந்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி பார்த்துவிட்டாள். "இன்னாங்க, பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி உக்காந்துகினு கீறீங்க?"

"நீ படி. அவ எப்படிக் கடந்தான்னு சொல்லாத. நான் சொன்ன மாதிரியா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

"நீங்க எந்த மாதிரி சொன்னீங்க? ஒரு நாள் மழைன்னீங்க, ஒரு நாள் நிலான்னீங்க. நான் எதை வெச்சுப் பாக்குறது?"

கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கீரை அப்படியே கிடந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க. இந்த வாரம் பூரா புருஷன் வூட்டுச் சண்டைதான். மாமியார் கத்துறா, மச்சினன் கத்துறான். கடைசி வரியில இவ அக்கரையில எறங்குறா."

"ஆறு?"

"ஆறே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். எழுதினவருக்கு ஆத்துல வேலையில்ல போலக் கீது. நீங்களே வெச்சுக்குங்க."

புதுப் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். நல்ல தாள், நல்ல அச்சு, குறை சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் படிக்கட்டும். ஆறு வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும்.

பழைய பைண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதாநாயகி படகில் கால் வைத்தாள். இந்தத் தடவை அவளுக்கு எதிரே, மடியில் கீரைக்கட்டோடு, கண்ணாடி போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "மெதுவாப் போப்பா," என்றாள் படகுக்காரனிடம்.