டிரைவரம்மாவின் கிராபிக்ஸ் கார்டு

பகல் முழுக்க நகரப் பேருந்து ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவள், முகம் கழுவிய கையோடு கம்ப்யூட்டர் கேமில் லாரி ஓட்ட உட்கார்ந்துவிடுவாள். டிப்போவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. "ஓட்டினது போதாதா உனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "அது சிக்னலுக்குச் சிக்னல் நிக்கிற வண்டி. இது மலைமேல போற வண்டிங்க" என்பாள்.

வீட்டுக்காரர் வயலினும் கிட்டாரும் பழுதுபார்ப்பவர். பசை, வார்னிஷ், கம்பிச் சுருள் என்று முன்னறை முழுவதும் அவருடைய ராஜ்ஜியம். அடுத்த சின்ன அறை அவளுடையது. நடுவில் ஒரு கதவு உண்டு. அதை யாரும் சாத்தியதில்லை.

மலைப்பாதையில் மழை பிடித்தால்தான் அவளுக்குத் தலைவலி. நொடிக்கு இத்தனை படம் என்று திரையில் வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அந்தப் படத்தைத்தான் பிரேம் என்கிறார்கள். வெயிலில் நொடிக்கு ஐம்பது பிரேம் வரைகிற அவளுடைய பழைய கார்டு, மழை தொடங்கியதும் பதினைந்துக்கு இறங்கிவிடும். லாரி தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும்.

சந்தையில் இருப்பதிலேயே பெரிய கார்டின் மேல் அவள் கண் விழுந்தது அப்படித்தான். ஓய்வறையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச, இவள் செல்போனில் அதன் விவரங்களைப் படித்துக்கொண்டிருப்பாள். இருபத்துநாலு ஜிபி மெமரி. மூன்று விசிறி. முழு மூச்சில் நானூற்றைம்பது வாட் குடிக்கும். நாலுகே என்கிற மிகத் துல்லியமான திரையில், கொட்டுகிற மழையில், நூற்றிருபது பிரேம். இந்தக் கடைசி வரியை மட்டும் எத்தனை தடவை படித்தாளோ.

கையில் காசு சேர்ந்த அன்று கடையில் போய் நின்றாள்.

"பையனுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

அவர் ஒரு கணம் முழித்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ன கேம் ஆடுவீங்கக்கா?"

"லாரி."

"லாரிக்கா இவ்வளவு பெரிய கார்டு?"

"மழை பெய்யணும்" என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அன்று பயணியாகப் பேருந்தில் வந்தாள். வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கார்டுன்னா சீட்டுக்கட்டு சீட்டு மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது செங்கல்லு மாதிரி இருக்கே." செங்கல் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் நுழையவில்லை, நாலு விரல்கடை நீளம் அதிகம். ஹார்ட் டிஸ்க் வைக்கிற கூண்டைக் கழற்றி வீசிய பிறகு ஒருவழியாக உட்கார்ந்தது. பார்த்தால், பழைய பவர் சப்ளை அதன் பசிக்குக் காணாது. மறுநாள் ஓடிப்போய் ஆயிரம் வாட் சப்ளை ஒன்றை வாங்கி வந்தாள்.

திரையில் மழை வந்தது. அவள் லாரியை ஓட்டவே இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் ஒரு துளி இன்னொரு துளியோடு சேர்ந்து வழிவதையும், ஈரத் தார்ச்சாலையில் எதிர் வண்டியின் விளக்கு நீளமாகக் கரைவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூலையில் நூற்றிருபத்துமூன்று என்று பிரேம் கணக்கு ஓடியது. கார்டின் சூடு அறுபத்தாறு டிகிரிதான். மனசு குளிர்ந்துவிட்டது.

அப்போது வீட்டுக்காரர் வயலினும் கையுமாக வந்து நின்றார். "உள்ள என்ன பாடுது?"

"எதுவும் பாடலையே. விசிறிச் சத்தமா?"

"விசிறி இல்ல. கீச்சுன்னு ஒண்ணு. நீ மெனுவுக்குப் போனா இன்னும் மேல ஏறுது."

கடைக்காரருக்கு போன் போட்டாள். "கோளாறு இல்லக்கா. கார்டுல காயில்னு கம்பிச்சுருள் இருக்கு, கரண்ட் ஓடுறப்ப அது அதிரும். பிரேம் ஏற ஏற சத்தமும் கூடும். மெனுவில வரையறதுக்கு ஒண்ணுமில்லாததால அறுநூறு, எழுநூறுன்னு பறக்கும். பிரேமுக்கு ஒரு வரம்பு போடுங்க, அடங்கிடும்."

அவள் கேபினெட்டில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். விசிறி சுழலும் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ஏறுது, இப்ப இறங்குது" என்று சொல்லச் சொல்ல, திரையில் எண்ணும் அப்படியே ஏறி இறங்கியது. மறுநாளே அவள் காது டாக்டரிடம் போனாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காலம் தள்ளியதில் மேல்ஸ்தாயி ஓசைகள் கழன்றுவிட்டன. ஹாரனும் பேச்சும் நன்றாகவே கேட்கின்றன. வண்டி ஓட்டத் தடையில்லை. சின்னதாக ஒரு காதுக் கருவி போட்டுக்கொண்டால் நல்லது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலஞ்சு வருஷமா. கம்பியோட உச்சியில வாசிச்சா நீ தலை திருப்பமாட்டே."

"ஏங்க சொல்லல?"

"ஹாரன் கேக்குது, ஆளுங்க பேசுறது கேக்குது. கீச்சு ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன். சொன்னா நீ மனசொடிஞ்சு போவே."

"அதை முடிவு பண்ண நீங்க யாரு? காது என்னோடது."

சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. இந்த மனுஷர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்து வெகுநாளாகிறது. எது சொல்வதென்றாலும் எழுந்து வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, குரலைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கித்தான் சொல்லுவார். வயதாகிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் பாதியில் நின்றுபோயிற்று. மீதிப் பாதியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "இனிமே என்னைப்பத்தி எது தெரிஞ்சாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும்" என்றாள். "சரி" என்றார்.

கருவி வந்தது. மாட்டிக்கொண்டு அவள் முதலில் செய்த காரியம், கேமின் மெனுவைத் திறந்ததுதான். கொதிக்கிற கெட்டிலுக்குள் கொசு மாட்டியது போல ஒரு கூச்சல்.

"ஐயோ, இதையா ரெண்டு வாரமா பொறுத்துக்கிட்டு வயலின் சரிபண்ணீங்க?"

"என் சுருதியை வாடிக்கைக்காரங்கதான் பொறுத்துக்கிட்டாங்க" என்றார் அவர்.

அவர் காது வைத்துக் கேட்க, அவள் எண்ணை மாற்ற, இருவரும் வரம்பைத் தேடினார்கள். நூற்றுப்பத்தில் கீச்சு. நூற்றில் முனகல். எண்பதில் அடங்கியது. நானூற்றுச் சொச்சம் வாட் இருநூற்றைம்பதுக்கு இறங்கியது, விசிறிகளும் சோம்பலாயின. மழை மட்டும் குறையவில்லை. நூற்றிருபதை அத்தனை நாள் மனப்பாடம் செய்தவள், எண்பதைக் கண்ணால் பார்த்து, "இது போதும்" என்றாள்.

அவர் தன் முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். லாரி மலையேறியது. முதல் வளைவிலேயே மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போ. பள்ளம் தெரியுது பாரு."

"நான்தானே ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்காகக் கியரைக் குறைத்தாள்.