மஞ்சள் கறையும் சலவைச் சோடாவும்

பத்திராதிபர் அவர்களுக்கு, உங்கள் வீட்டுக் குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மற்ற வாசகர்களைக் காப்பாற்றவே இந்தக் கோபத்தோடு எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளன்று, காங்கேயத்து மச்சானிடம் இரவல் வாங்கி விரித்த வெள்ளைக் கம்பளத்தில், மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டேன். எந்தக் கறையும் சலவைச் சோடாவில் போய்விடும் என்று உங்கள் குறிப்பில் படித்திருந்தேன். படித்தவன் அல்லவா, யாரையும் கேட்காமல் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். மஞ்சள் கறை சிவந்துபோயிற்று. தேய்க்கத் தேய்க்க ரத்தமாகப் பரவியது.

"ஏனுங்க, மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டுத்தானே ஆரத்தி கரைக்கறோம்? சோடாவும் அதே வேலையத்தானுங்க செய்யும்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ரத்தமுங்களா? இன்னொரு நாளைக்கு வாரோமுங்க."

"ரத்தமில்லீங்க மாமா, எங்கூட்டுக்காரரு பத்திரிகை படிச்சுப்போட்டாருங்க" என்றாள் மனைவி.

பெரியவர் என் கையிலிருந்த சலவைச் சோடாப் பொட்டலத்தைப் பார்த்தார். சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். சம்பந்தம் பிழைத்தது. கம்பளம் பிழைக்கவில்லை; மச்சான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்போதெல்லாம் மஞ்சள் பட்டால் பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுகிறேன், வெயிலே வெளுத்துவிடுகிறது. வேறு எந்தக் குறிப்பையும் துணியின் அடிப்புற மூலையில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே நம்புகிறேன்.

குறிப்பு எழுதிய அன்பரிடம் சொந்தக் கம்பளம் இருக்கிறதா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். செம்பும் மஞ்சள் தண்ணீருமாக நானே நேரில் வருகிறேன்.