என் அப்பா சட்டையைக் கழற்றிய நாள்

போன வருஷம் கொள்ளுப்பேத்தி பிறந்தபோது, நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடியும் அதன் அடித்தோலும் வெள்ளையாக இருந்தன. தோல் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். "பாட்டி, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லுங்க கருவிலேயே முதுகுப் பக்கம் உருவாகி, அங்கேருந்து நகர்ந்து முன்பக்கம் வரணும். ஒரு மரபணுவுல கோளாறு இருந்தா நெத்தி வரைக்கும் வந்து சேராது. அப்பா அம்மாவுல ஒருத்தர்கிட்ட இருந்தாலே பிள்ளைக்கு வரலாம். ஒட்டாது, பயப்படாதீங்க."

தலையாட்டினேன். எந்தப் பக்கத்து வெள்ளை இது என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷமே தெரிந்துகொண்டவள் நான்.

அப்போது காஜா பேராங்கில் குடியிருந்தோம். மூத்தவன் இதே வெள்ளையோடு பிறந்தான். மாமியார் எனக்குத் தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கினார்.

"உன் வம்சத்துல யாருக்கு வெண்குஷ்டம்? மறைச்சுத்தானே கட்டி வெச்சீங்க?"

புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவை வரச் சொல்லி ஆள் போனது.

"சம்பந்தி, சட்டையக் கழட்டுங்க. பாத்துடுறோம்," என்றார் மாமியார்.

அப்பா கழற்றினார். கூடத்து நடுவில் மெதுவாக ஒரு சுற்று திரும்பினார். கறுத்த முதுகில் ஒரு புள்ளி கிடையாது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, படிய வாரிய தலையைக் குனிந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தலையைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் நான். சனிக்கிழமை தவறாமல் முடிவெட்டும் கடைக்குப் போவார். தலையணை உறையில் கறுப்பு ஒட்டியிருக்கும். எண்ணெய் அழுக்கு என்று தேய்த்துத் துவைப்பேன்.

மறுமாதம் மாமனார் இறந்தார். மூத்த மகனான என் வீட்டுக்காரர் மொட்டை போட்டுத்தானே கொள்ளி வைக்க வேண்டும். சுடுகாட்டிலிருந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. குழாயடியில் வாளியோடு நின்றேன்.

"துண்ட எடுங்க."

"உள்ள போயி ஊத்திக்கிறேன்."

"எடுங்க."

எடுத்தார். சாயம் பூசிய முடி மூடியிருந்த இடத்தில், என் பிள்ளைக்கு இருப்பது போலவே வெள்ளை.

மாமியார் வாசலில் நின்றார். அவர் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. "சட்டுனு ஊத்து, சனம் பாக்குது," என்றார்.

தெரிந்தே செய்திருக்கிறார்கள், தாயும் மகனும்.

வாளியைக் கீழே வைத்தேன். "எங்கப்பா திரும்புன மாதிரி ஒரு சுத்து திரும்புங்க. அப்புறம் ஊத்துறேன்."

தெருவே பார்த்திருக்கத் திரும்பினார். ஊற்றினேன்.

முடி வளர்ந்ததும் மறுபடி சனிக்கிழமைகளில் கடைக்குப் போனார். தலையணை உறையை மட்டும் கடைசி வரைக்கும் அவரே துவைத்துக்கொண்டார்.